பந்து உள்ளே போகாத டீம்: ஒரு நிகழ்வு ஆய்வு

தக்கலை மேட்டுக்கடையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனும், நாகர்கோவிலில் பொறியியல் படிக்கும் அவருடைய சித்தப்பா மகனும் பஸ்ஸர்பீட்டர் என்ற இணையக் கூடைப்பந்து விளையாட்டில் ஒரு டீமைக் கவனித்து வருகிறார்கள். டீம் அண்ணன் பெயரில் இருக்கிறது. யோசனையில் பாதி தம்பியுடையது. சம்பளப் பட்டியலைப் பார்த்தால் அவர்கள் லீக்கில் இவர்களைவிட அதிகம் செலவழிக்கிற டீம் ஒன்றிரண்டுதான் தேறும். அப்படியிருந்தும் சீசன் பாதியில் தங்கள் பிரிவில் ஆறாவது இடத்தில் கிடந்தார்கள். ஏன் தோற்கிறோம் என்று இருவருக்கும் பிடிபடவில்லை. நானும் அதே விளையாட்டில் டீம் வைத்திருப்பவன், கல்லூரி நாட்களில் நாகர்கோவிலில் நிஜக் கோர்ட்டில் கார்டாக ஆடியவன் என்பதால் மேட்ச் பதிவுகளை எல்லாம் என்னிடம் திறந்து காட்டினார்கள். அதில் கண்டதையும், அவர்கள் செய்த மாற்றங்களையும், அவை எந்த அளவுக்குப் பலித்தன என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். பஸ்ஸர்பீட்டர் 2007இல் வந்த, பிரவுசரிலேயே ஆடுகிற கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டு. பட்டனைத் தட்டிப் பந்து போடுகிற வேலை இதில் கிடையாது. ஆட்களை வாங்குவது, விற்பது, பயிற்சி கொடுப்பது, லைன்அப் போடுவது, டேக்டிக் தேர்ந்தெடுப்பது, இவ்வளவுதான் நம் கையில். மேட்சைக் கணினி நடத்தும். யார் யாருக்குப் பாஸ் கொடுத்தார், யார் தட்டிப் பறித்தார் என்று வரி வரியாகப் படிக்கலாம். ஒரு லீக்கில் 16 டீம், எட்டெட்டாக இரண்டு பிரிவு, சீசனுக்கு 22 லீக் மேட்ச். பிரிவில் முதல் நான்கு இடங்கள் பிளேஆஃப், அதாவது சாம்பியனை முடிவுசெய்யும் சுற்றுகளுக்குப் போகும். ஐந்தாம் இடத்துக்குப் பயமில்லை. ஆறும் ஏழும் கீழ் லீக்குக்கு இறங்காமலிருக்கத் தனியாக மோத வேண்டும். எட்டாவது நேராக இறங்கிவிடும். ஆக, ஆறாவது இடத்தில் இருப்பவர்களுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது.

ஒவ்வொரு வீரருக்கும் பத்து ஆட்டத் திறன்கள் உண்டு: ஜம்ப் ஷாட், ஜம்ப் ரேஞ்ச், அவுட்சைட் டிஃபென்ஸ், ஹேண்ட்லிங், டிரைவிங், பாஸிங், இன்சைட் ஷாட், இன்சைட் டிஃபென்ஸ், ரீபவுண்டிங் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஷாட் பிளாக்கிங். இவை போக ஸ்டாமினாவும் ஃப்ரீ த்ரோவும். எல்லாவற்றையும் 1 முதல் 20 வரையான படிகளில் காட்டும். கோர்ட்டில் இடம் ஐந்து: பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடங்கும் பாயிண்ட் கார்டு, வெளியிலிருந்து எறியும் ஷூட்டிங் கார்டு, உள்ளேயும் வெளியேயும் ஆடும் ஸ்மால் ஃபார்வர்டு, வளையத்தடியில் நிற்கும் பவர் ஃபார்வர்டு, சென்டர். இந்த எண்களை வைத்து, இவர் சென்டர், இவர் ஷூட்டிங் கார்டு என்று ஒரு முத்திரையும் குத்தும். சம்பளத்தைக் கணக்கிடுவதும் அந்த இடத்துக்கான சூத்திரப்படிதான். இந்தக் கதையின் சிக்கல் எல்லாம் அந்த முத்திரையில்தான் தொடங்குகிறது.

டீம் இருந்த நிலை

சென்டர் 213 செ.மீ. உயரம். இன்சைட் ஷாட் 13, இன்சைட் டிஃபென்ஸ் 12, ரீபவுண்டிங் 13. பாஸிங் 3, ஹேண்ட்லிங் 4. பவர் ஃபார்வர்டும் அதே அச்சு, ஒரு படி குறைவு. ஸ்மால் ஃபார்வர்டு இடத்தில் நின்றவர் உண்மையில் இன்னொரு பவர் ஃபார்வர்டு. வேறு ஆள் இல்லாததால் அங்கே நிறுத்தப்பட்டவர். கார்டுகள் இருவரும் நல்ல ஷூட்டர்கள். பாயிண்ட் கார்டு என்று முத்திரை வாங்கியவருக்கு ஜம்ப் ஷாட் 12, பாஸிங் 6, ஹேண்ட்லிங் 7, அவுட்சைட் டிஃபென்ஸ் 5. இன்னொருவருக்குப் பாஸிங் அதைவிட மோசம்.

பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஐந்து இடத்துக்கும் ஐந்து பேர் இருக்கிறார்கள். உயரம் இருக்கிறது, ஷூட்டிங் இருக்கிறது. அண்ணன் வைத்த டேக்டிக் லோ போஸ்ட். அதாவது நிதானமாக ஆடி, பந்தை வளையத்தடியில் நிற்கும் உயரக்காரர்களிடம் சேர்ப்பது. இவ்வளவு பெரிய ஆட்கள் இருக்கும்போது வேறென்ன செய்வது என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

நான் முதலில் எடுத்துப் பார்த்தது சொந்த ஊர் மேட்ச் ஒன்று. எதிர் டீம் சம்பளத்தில் இவர்களைவிடக் குறைந்தது. அவர்கள் 2-3 ஸோன் போட்டிருந்தார்கள். மூன்று பேர் வளையத்தடியில் அடைத்து நிற்பார்கள், வெளியே இரண்டு பேர்தான். அந்த மேட்ச் நடக்கும்போது இருவரும் கடையில் உட்கார்ந்து போனில் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்களாம். அண்ணன் கேட்டது இது: “மக்கா, இவ்வளவு சம்பளம் வாங்குதவன் கையில பந்தே வரல்லியே?” தம்பி சொன்ன பதில்: “குடுக்கதுக்கு ஆளில்ல அண்ணே, எறியதுக்குத்தான் ஆளிருக்கு.”

இதற்குமேல் நான் கண்டுபிடித்துச் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பையன் சொன்னதற்கு ஆதாரம் தேடியதுதான் என் வேலை. இரண்டாம் கால்பகுதியில் ஒரு நீளமான துண்டு இப்படிப் போகிறது. பாயிண்ட் கார்டு பந்தைக் கொண்டுவருகிறார். சென்டருக்குப் பாஸ் போட முயல்கிறார். கை நீட்டித் தட்டிப் பறித்துவிடுகிறார்கள். அடுத்த முறை ஷூட்டிங் கார்டிடம் தள்ளுகிறார். அவருக்கும் உள்ளே கொடுக்கத் தெரியாததால் நேரம் ஓடி, கடைசியில் ஆள் முன்னால் நிற்கும்போதே தூரத்திலிருந்து எறிகிறார். அதற்கடுத்த முறை பந்து எப்படியோ பவர் ஃபார்வர்டிடம் சேர்கிறது. ஆனால் மூன்று பேர் சூழ்ந்திருக்கிறார்கள். வெளியே ஆளில்லாமல் நிற்கும் ஷூட்டருக்குத் திருப்பிக் கொடுக்கப் பாஸிங் கிடையாது. பந்து போய்விடுகிறது. மூன்று வாய்ப்பு, பூஜ்ஜியம் புள்ளி. அந்த இடைவெளியில் எதிர் டீமின் கார்டு, நம் ஆட்களின் அவுட்சைட் டிஃபென்ஸ் 5ஐப் பயன்படுத்திக்கொண்டு வெளியிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தார்.

மேட்ச் முடிந்ததும் இந்த விளையாட்டு டீமுக்கு ஆறு மதிப்பீடு கொடுக்கும்: அவுட்சைட் ஸ்கோரிங், இன்சைட் ஸ்கோரிங், அவுட்சைட் டிஃபென்ஸ், இன்சைட் டிஃபென்ஸ், ரீபவுண்டிங், அப்புறம் ஆஃபென்ஸிவ் ஃப்ளோ. கடைசியாகச் சொன்னதுதான் பந்து எவ்வளவு சரளமாகக் கைமாறுகிறது என்பதன் அளவு. பாஸிங்கும் ஹேண்ட்லிங்கும்தான் அதற்கு ஊற்று. அதிலும் பாயிண்ட் கார்டின் பங்கு பெரியது. இவர்களுடைய இன்சைட் ஸ்கோரிங் லீக்கிலேயே மேலே நின்றது. ஃப்ளோ அடிமட்டத்தில் கிடந்தது. தோற்ற மேட்ச் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இதே முகம்தான். பெரும்பாலானோர் ஸ்கோரிங் வரியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். முதலில் படிக்க வேண்டியது ஃப்ளோ வரியை என்பேன். உள்ளே எவ்வளவு பெரிய ஆள் நின்றாலும், நல்ல நேரத்தில் நல்ல இடத்தில் பந்து கைக்கு வராவிட்டால் அந்தத் திறன் 13 வெறும் எண்தான்.

முத்திரையும் வேலையும்

இந்தப் பழக்கம் விளையாட்டில் மட்டும் இல்லை. நம் மாவட்டத்துப் பள்ளிக் கோர்ட்டுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வகுப்பிலேயே உயரமான பையனைப் பி.டி. சார் ரிங்குக்குக் கீழே நிறுத்திவிடுவார். அவன் ஸ்கூல் முடிக்கும்வரை ரீபவுண்டு எடுப்பான், உடனே குட்டைப் பையன் கையில் கொடுத்துவிடுவான். டிரிபிள் செய்தால் திட்டு விழும். தூத்தூர், சின்னத்துறை பக்கம் கடற்கரையில் ஃபுட்பால் ஆடி வளர்கிற பிள்ளைகளைப் பாருங்கள். பின்னால் நிற்கும் தடுப்பாளனும் பந்தைக் காலில் வைத்து நிமிர்ந்து பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவான். அந்தப் பக்கத்துப் பையன்கள் கூடைப்பந்துக்கு வந்தபோது என்னோடு ஆடியிருக்கிறார்கள். உயரம் என்னவாக இருந்தாலும் பாஸ் கொடுக்கும் கண் அவர்களுக்கு இருந்தது. கூடைப்பந்தில் இடம் என்பதை உயரத்தோடு ஒட்டிவிட்ட நமக்குத்தான் அது இல்லாமல் போனது.

பஸ்ஸர்பீட்டர் குத்தும் முத்திரையும் இதே தப்பான ஆறுதலைக் கொடுக்கிறது. ‘சென்டர்’ என்று போட்டிருந்தால், அவருடைய திறன்களில் சென்டர் சூத்திரம்தான் அதிகச் சம்பளம் காட்டுகிறது என்று அர்த்தம். அந்த டீமில் அவர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதைத்தான் நான் அண்ணனிடம் அழுத்திச் சொன்னேன். முத்திரை விழுந்த இடத்துக்குச் சம்பந்தமில்லாத திறன்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய விலையே கிடையாது. சென்டருக்குப் பாஸிங் 3 இருந்தாலும் 8 இருந்தாலும் சம்பளம் பெரிதாக ஏறாது. கார்டுக்கு இன்சைட் டிஃபென்ஸ் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் மேட்சில் அந்தத் திறன்களுக்கு வேலை உண்டு. இவர்கள் 13ஐ 14 ஆக்கக் காசு கொட்டினார்கள். 3ஐ 8 ஆக்க யோசிக்கவே இல்லை.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யிலும் இது நடந்திருக்கிறது. 2004 இறுதித் தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் பக்கம் ஷாகில் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு பெரிய பெயர்கள். எதிரே டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்: பில்லப்ஸ், ஹாமில்டன், பிரின்ஸ், ரஷீத் வாலஸ், பென் வாலஸ். டெட்ராய்ட் 4-1 என்று ஜெயித்தது. மலோனுக்கு முழங்கால் காயம் என்பதும் உண்மைதான்; அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் அந்த டெட்ராய்ட் ஐவரில் ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் அடைத்த விதத்தைப் பார்த்தவர்கள், காயம் ஒன்றால் மட்டும் அந்தத் தொடர் முடிவானது என்று சொல்ல மாட்டார்கள்.

செய்த மாற்றம்

என் யோசனை பவர் ஃபார்வர்டை விற்பது. அண்ணனுக்கு மனசே வரவில்லை. அந்த ஆளை வாங்க முந்தின சீசன் முழுக்கச் சேமித்திருந்தார். தம்பிதான் அவரைச் சம்மதிக்க வைத்தார். வந்த காசில் மூன்று பேரை எடுத்தார்கள்.

முதல் ஆள் 31 வயது பாயிண்ட் கார்டு. பாஸிங் 11, ஹேண்ட்லிங் 11, அவுட்சைட் டிஃபென்ஸ் 11. ஜம்ப் ஷாட் வெறும் 5. அந்த வயதில் பயிற்சி ஏறாது, இன்னும் சில சீசனில் திறன் இறங்கவும் தொடங்கும் என்பதால் சந்தையில் யாரும் போட்டி போடவில்லை. “எறியத் தெரியாத கார்டு எதுக்கு மக்கா?” என்று அண்ணன் கேட்டார். எறிய ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். பழைய பாயிண்ட் கார்டு ஷூட்டிங் கார்டாக நகர்ந்தார். அவருடைய ஜம்ப் ஷாட் 12க்கு அதுதான் சரியான இடம். பழைய ஷூட்டிங் கார்டு பெஞ்சிலிருந்து வருபவர் ஆனார்.

இரண்டாவது ஆள் ஸ்மால் ஃபார்வர்டு. எந்தத் திறனும் கண்ணைப் பறிக்காது, எல்லாம் எட்டைச் சுற்றி. இப்படிப்பட்டவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த விளையாட்டில் ஸ்மால் ஃபார்வர்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வேலை உண்டு; கார்டை மறிக்கவும் வேண்டும், ரீபவுண்டுக்கு ஏறவும் வேண்டும். ஆனால் அப்படி ஒருவரை உருவாக்குவது கஷ்டம், ஏனென்றால் உள்திறன் பயிற்சிக்கு உள்ளேயும் வெளித்திறன் பயிற்சிக்கு வெளியேயும் மாற்றி மாற்றி ஆட வைக்க வேண்டும். அதனாலேயே நல்ல ஸ்மால் ஃபார்வர்டு அபூர்வம்.

மூன்றாவது, புதிய பவர் ஃபார்வர்டு: இன்சைட் டிஃபென்ஸ் 10, ரீபவுண்டிங் 10, பாஸிங் 7. பழையவரைவிட ஷாட் பலவீனம்.

டேக்டிக்கை லோ போஸ்டிலிருந்து லுக் இன்சைடுக்கு மாற்றினார்கள். இதுவும் உள்ளே பார்த்து ஆடுவதுதான், ஆனால் வேகத்தை இழுத்துப் பிடிக்காது. 2-3 ஸோன் போடுகிற டீம் என்று முன்கூட்டியே தெரிந்தால் மோஷன், அதாவது வெளியிலிருந்து எறிவதை நம்பி ஆடுவது. அந்த ஸோனில் வெளியே காவல் இளகும். 12 இருக்கும் ஷூட்டருக்கு இப்போது நல்ல பாஸ் வருகிறது, எறிந்துவிட்டுப் போகட்டும்.

மாற்றம் உடனே தெரிந்துவிடவில்லை. முதல் மேட்ச் தோல்வி. ஆனால் ஃப்ளோ வரி ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதற்கப்புறம் சென்டரின் புள்ளிகள் ஏறின. அவரிடம் ஒரு திறனும் கூடவில்லை, பந்து வந்தது, அவ்வளவுதான். எதிர் டீம் கார்டுகள் வெளியிலிருந்து போடுவதும் குறைந்தது. சீசனை நான்காம் இடத்தில் முடித்தார்கள். பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டார்கள். எதிரே இருந்தது இவர்களைவிடத் தெளிவாகப் பெரிய டீம். சமநிலை வந்துவிட்டால் யாரையும் ஜெயித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. உள்ள பலம் வீணாகாமல் இருக்கும், அந்த அளவுக்குத்தான்.

உயரப் பையனைப் பாயிண்ட் கார்டாக நிறுத்துவது

இனி வருவதுதான் இருவருக்கும் நிஜமாகவே சண்டை மூட்டிய விஷயம். ட்ராஃப்டில், அதாவது புது இளைஞர்களை டீம்கள் முறை வைத்து எடுக்கும்போது, அவர்களுக்கு 19 வயது, 208 செ.மீ. உயரப் பையன் ஒருவன் கிடைத்தான். வருங்காலச் சென்டர். தம்பிக்கு ஒரே ஆசை: இவனுக்கு இப்போதே பாஸிங் கற்றுக்கொடுக்க வேண்டும், அடுத்த தலைமுறைச் சென்டர் பந்தைத் தொலைக்கக் கூடாது.

இங்கே பயிற்சியின் விதியைச் சொல்லியாக வேண்டும். வாரம் ஒரு பயிற்சிதான் தேர்ந்தெடுக்கலாம். அது பெரும்பாலும் ஆடும் இடத்தோடு கட்டப்பட்டிருக்கும். பாஸிங்கை அழுத்திக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் பாயிண்ட் கார்டு இடத்தில் ஆட வேண்டும். அந்த வாரத்தில் அந்த இடத்தில் 48 நிமிடம், அதாவது ஒரு முழு மேட்ச் ஆடியவருக்கே முழுப் பலன். வாரத்துக்கு மூன்று மேட்ச் (இரண்டு லீக், ஒன்று கோப்பை அல்லது நட்பு மேட்ச்), ஆக 144 நிமிடம். ஓர் இடத்துக்கு மூன்றே பேர்தான் முழுப் பயிற்சி பெறலாம். அதில் இரண்டு லீக் மேட்சையும் நம் 31 வயதுக்காரர் எடுத்துக்கொண்டால், பயிற்சியே ஏறாத ஒருவருக்கு மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. இன்னொரு தொல்லை: உயரமான பையன்களுக்குக் கார்டு திறன்கள் மெதுவாகத்தான் ஏறும்.

தம்பி கேட்டது, பலவீனமான டீமோடு மோதும் லீக் மேட்சில் 208 செ.மீ. பையனைப் பாயிண்ட் கார்டாக இறக்கலாம் என்று. “தோத்தா யாருலே பதில் சொல்லது?” என்றார் அண்ணன். “ஒரு மேட்ச் தோக்கலாம் அண்ணே, ஒரு சென்டரு கெடைப்பானே!” என்றார் தம்பி.

உயரமானவன் பந்தைக் கொண்டுவந்தால் கோர்ட் என்னவாகும் என்பதற்கு மேஜிக் ஜான்சனைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 206 செ.மீ. பாயிண்ட் கார்டு. 1980 மே 16, பிலடெல்ஃபியா, இறுதித் தொடரின் ஆறாவது மேட்ச். லேக்கர்ஸின் சென்டர் கரீம் அப்துல்-ஜப்பாரால் கணுக்கால் சுளுக்கு காரணமாக வர முடியவில்லை. முதல் சீசன் ஆடிக்கொண்டிருந்த, 20 வயதான ஜான்சன் சென்டர் இடத்தில் தொடங்கினார். 42 புள்ளி, 15 ரீபவுண்டு, 7 அசிஸ்ட் (புள்ளியாக மாறிய பாஸ்). லேக்கர்ஸ் 123-107 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தது. தம்பி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் ஜான்சனைச் சென்டராக நிறுத்தியபோது அவர் பாயிண்ட் கார்டாகப் பல வருடம் ஊறியிருந்தார். இந்தப் பையனுடைய பாஸிங் 2. லீக் மேட்சில் பாயிண்ட் கார்டாக நிறுத்தினால் ஃப்ளோ பழைய இடத்துக்கே போகும், பவர் ஃபார்வர்டை விற்றதற்கே பிரயோஜனமில்லாமல் போகும். நான் அண்ணன் பக்கம் நின்றேன், பாதி வழி மட்டும். கோப்பைப் போட்டியிலிருந்து அவர்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்ததால் வார நடுவில் நட்பு மேட்ச் போட்டுக்கொள்ளலாம். அதில் ஜெயிப்பதற்கு எந்த அவசரமும் இல்லை. பையன் அந்த 48 நிமிடமும் பாயிண்ட் கார்டாக நிற்கட்டும். லீக் மேட்சில் சென்டருக்கு மாற்றாக ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் வரட்டும்.

இந்த நிமிடக் கணக்கு முக்கியம். வீரர்களின் உடல்தகுதி, அதாவது கேம் ஷேப், வாரம் ஆடும் நிமிடத்தைப் பொறுத்தது. மிகக் குறைவாக ஆடினாலும் இறங்கும், மிக அதிகமாக ஆடினாலும் இறங்கும். அறுபதைச் சுற்றி வைத்துக்கொள்வது நல்லது என்பது ஆடுகிறவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். நட்பு மேட்சில் 48, லீக்கில் ஒரு பதினைந்து. கணக்கு சரியாக வருகிறது. லீக் இரண்டிலும் அவனை இழுத்து ஆட வைத்தால் பாஸிங் ஏறும் வேகம் கூடாது, உடல் மட்டும் விழும்.

வாரத்துக்கு ஒரே ஒரு பையனுக்கு முழுப் பயிற்சி என்பது சிக்கனமான வழி இல்லை. வேறு டீம்கள் மூன்று இளைஞர்களை ஒரே இடத்தில் வைத்து வேகமாக வளர்க்கின்றன, பணமும் அதில்தான். ஆனால் அப்படிச் செய்கிற டீம்கள் அந்தச் சீசன் தோல்வியை விலையாகக் கொடுக்கின்றன. கீழ் லீக்குக்கு இறங்கும் அபாயத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான். தம்பிக்கு அரை மனசுதான்.

பையனின் பாஸிங் இப்போது 4. மெதுவாகத்தான் ஏறுகிறது. தம்பி அதை 8 வரை கொண்டுபோய்விட்டு, அப்புறம்தான் உள்திறன் பயிற்சிக்கு மாற்ற வேண்டும் என்கிறார். அண்ணன் 6 போதும், பிறகு இன்சைட் டிஃபென்ஸ் என்கிறார். நானும் 6 என்றுதான் நினைக்கிறேன். வயது ஏற ஏறப் பயிற்சியின் வேகம் குறையும், சென்டருக்கு முதல் வேலை வளையத்தைக் காப்பது. 31 வயது கார்டுக்கு வாரிசு தேடும் வேலையும் தொடங்கிவிட்டது. இந்த முறை அண்ணனே சந்தைப் பட்டியலில் ஜம்ப் ஷாட் வடிகட்டியை எடுத்துவிட்டு, பாஸிங், ஹேண்ட்லிங், அவுட்சைட் டிஃபென்ஸ் மூன்றையும் 9க்கு மேல் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.